குவளையின் சத்தம் அவன் காதில் விழட்டும்

கேள்வி: எனக்கு ஒரே மகன், ஒன்பது வயது. 2025 மார்ச் 28 அன்று மண்டலே பக்கம் நிலநடுக்கம் வந்தபோது எங்கள் தெருவில் அரிசியும் துணிமணியும் திரட்டினார்கள். அவன் தொடாமல் வைத்திருந்த பொம்மை லாரியையும் எடுத்து மூட்டையில் போட்டுவிட்டேன். "யாரென்றே தெரியாதவர்களுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று தெருவே கேட்கும்படி அழுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த என் அண்ணன் சட்டை கொடுத்தபோது, "இவ்வளவுதானா மாமா?" என்று கேட்டு என்னைக் கூனிக் குறுக வைத்துவிட்டான். நான் எங்கே தவறினேன்?
— ஒரு தாய், ரங்கூன்

பதில்: அன்பு மகளே, முதலில் அந்த லாரியைப் பேசிவிடுவோம். அது அவனுடையது. எடுத்தவள் நீ, கொடுத்தவள் நீ. அவனுக்கு மிஞ்சியது இழப்பு மட்டும். தானம் என்றால் அம்மா நம் பொருளைப் பிடுங்கிக்கொள்வது என்று அன்று மனத்தில் பதித்துக்கொண்டான். அவனிடம் மன்னிப்புக் கேள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லைதான், ஆனாலும் கேள்.

கனடாவில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளிடம் தின்பண்டம் கொடுத்து, ஒரு பொம்மைக்குப் பங்கு தரச் சொன்னார்கள். வாங்கியபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது முகம் மலர்ந்தது. ஆராய்ச்சியாளர் நீட்டிய பண்டத்தைக் கொடுத்ததைவிட, தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் மலர்ந்தது. ஆக, கொடுக்கும் சுகம் பிள்ளைக்குள் முன்பே இருக்கிறது. அதைத் தன் கையாலேயே அவன் அனுபவிக்க விட வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவனுடையதாக இருக்க வேண்டும்.

நீ வாழும் ஊரையே பார். விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வருகிறார்கள். வாசலில் ஒரு பர்மியத் தாய் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கிறாள். கரண்டி அவள் கையில் இல்லை; மூன்று வயதுக் குழந்தையின் கையில் இருக்கிறது. குழந்தை நுனிக்காலில் எம்பிச் சோற்றைத் திருவோட்டில் சரிக்கிறது, பாதி கீழே சிந்துகிறது. தாய் திட்டுவதில்லை, கரண்டியை வாங்கிக்கொள்வதுமில்லை. 2014 முதல் 2017 வரை உலகக் கொடைப் பட்டியலில் இந்த ஏழை நாடு முதலிடத்தில் நின்றதே (2014இல் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து), அதற்கு வேர் அந்தச் சின்னக் கரண்டியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நம் கோயில் அன்னதானத்தில் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகளை முதல் பந்தியில் உட்கார வைத்து ஊட்டி அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை அவன் கையில் உப்புக் கிண்ணத்தைக் கொடு. ஒவ்வோர் இலையாகக் குனிந்து வைத்துக்கொண்டு போகட்டும், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். பரிமாறிக் களைத்தவனுக்குச் சோற்றின் அருமை சொல்லாமலே தெரியும்.

மாமாவிடம் "நன்றி சொல்லு" என்று பிடரியில் கை வைத்துத் தள்ளாதே. அந்த மாமா எத்தனை நாள் மிகைநேர வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், பெட்டியில் எதை எடுத்துவிட்டு அந்தச் சட்டைக்கு இடம் செய்தார் என்று அவரையே சொல்லச் சொல். பிறகு அவனே ஒரு கடிதம் எழுதட்டும். நீ திருத்தாதே.

இனி உன் வீட்டுக்கு ஒரு வேலை. வாசலில் நிழல் பார்த்து ஒரு மண்பானை வை. இங்கே பல தெருக்களில் இருப்பதுதான், நம் தண்ணீர்ப் பந்தல்தான். பானையை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவதும், காய்ச்சி ஆறிய தண்ணீரைக் காலையில் நிரப்புவதும், குவளையைக் கவிழ்த்து வைப்பதும் அவன் பொறுப்பு. யாரென்றே தெரியாதவர்கள் வந்து குடிப்பார்கள். சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர் குடிப்பார், காய்கறி விற்கும் அம்மா குடிப்பார். ஜன்னல் வழியாக அவன் பார்க்கட்டும்.

இரண்டாம் வாரம் சலித்துப்போய் விட்டுவிடுவான். நீ போய் நிரப்பாதே. உள்ளே ஒரு குடம் தண்ணீர் மட்டும் தயாராக வைத்திரு. வெயிலில் வந்த ஒருவர் மூடியைத் திறந்து குவளையை விட, அது வெறும் பானையின் அடியில் உரசும். அந்தச் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவனாக இருக்கட்டும்.