முதல் ஸ்டீரியோ: 20,000 ரூபாய்க்குள் எதை வாங்குவது?

கேள்வி இதுதான்: "பாட்டுக் கேட்பதற்காக முதல்முறையாக வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ வாங்கப்போகிறேன். பட்ஜெட் 20,000 ரூபாய். சென்னையில் வாடகை வீடு, 10க்கு 14 அடி ஹால். டிவியும் அங்கேதான் இருக்கிறது. 5.1 வாங்கு, சவுண்ட்பார் வாங்கு, பார்ட்டி ஸ்பீக்கர் வாங்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?"

பாட்டுதான் முக்கியம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் பதில் சுலபம். ஆம்ப்ளிஃபையர் உள்ளுக்குள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டி) வாங்குங்கள். இரண்டே பெட்டி, தனி ஆம்ப் வேண்டாம், தனி சப்ஊஃபர் (கனத்த அடி ஒலிக்கு மட்டுமான பெட்டி) இப்போதைக்கு வேண்டாம். கடைக்குக் கூட வரும் நண்பர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்று தெரியும். அதே விலைக்குப் பக்கத்திலேயே 5.1 என்று ஆறு பெட்டி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர்) அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் 20,000 ரூபாயை ஆறு பெட்டிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டு என்பது பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டே சேனலில் பதிவானது. அந்த இரண்டையும் நன்றாகக் கொடுக்கும் இரண்டு பெட்டிக்கு மொத்தப் பணமும் போகட்டும்.

5.1 செட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் "ஹோம் தியேட்டர்" என்றாலே அதுதான் பெரிய சிஸ்டம் என்ற எண்ணம் இருக்கிறது. இந்த விலையில் வரும் செட்டில் சுற்றி வைக்கும் குட்டி ஸ்பீக்கர்களில் இரண்டரை, மூன்று அங்குல டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் கூம்பு, தான் இருக்கும். அவற்றால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி கனக்கும்) ஒழுங்காகப் பாட முடியாது. அதனால் அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்ஊஃபரிடம் தள்ளிவிடுவார்கள். ஒரு ஆணின் குரலுக்கு அடிப்படையான அதிர்வு ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதாவது பாடகரின் நெஞ்சுக் குரல் சோபாவுக்குப் பின்னால் தரையில் இருக்கும் பெட்டியிலிருந்து வரும், மேல்பகுதி மட்டும் சுவரில் மாட்டிய குட்டிப் பெட்டியிலிருந்து வரும். ஒரே குரல் இரண்டாகக் கிழிந்துவிடுகிறது. படத்தில் குண்டு வெடிக்கும்போது இது தெரியாது. ஒருவர் தனியாகப் பாடும்போது நன்றாகத் தெரியும்.

சவுண்ட்பார் டிவி வசனத்துக்கு நல்லது, வேலையும் குறைவு. ஆனால் இடது, வலது இரண்டும் ஒரே மூன்றடிக் குழலுக்குள் அடங்கிவிடுவதால், பத்தடி தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதுபோலத்தான் இருக்கும். பார்ட்டி ஸ்பீக்கர் மொட்டை மாடிக்கு, பிறந்தநாளுக்கு. ஹாலுக்கு வேண்டாம்.

அடுத்து, வாட்ஸ். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பி.எம்.பி.ஓ. (நொடிப்பொழுது உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். கரண்ட்டிலிருந்து எத்தனை வாட்ஸ் இழுக்கிறது என்று அங்கே இருக்கும். உள்ளே 60 வாட்ஸ் போகும் கருவியிலிருந்து வெளியே 1,000 வாட்ஸ் தொடர்ந்து வர வழியில்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சற்றே உயர்ந்ததுபோல இருக்கும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் தேவை. உங்கள் ஹாலில் சாதாரணமாகக் கேட்கும்போது ஓரிரு வாட்ஸ்தான் செலவாகும். பக்கத்துக்கு 20 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். எடிஃபையர் ஆர்1280 வரிசையிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். நாலு அங்குல ஊஃபர் (கீழ் ஒலிக்கான கூம்பு), 13 மி.மீ. பட்டுக் குவிமாட ட்வீட்டர் (மேல் ஒலிக்கானது), பக்கத்துக்கு 21 வாட்ஸ். அடிப்படை மாடலான ஆர்1280டி-யில் ஒயர் இணைப்பு மட்டும். அதற்கு மேலே ஆர்1280டிபி-யில் ப்ளூடூத், டிவியின் ஒலியை எடுக்க ஆப்டிகல் (ஒளிவழி ஒயர்) இணைப்பு எல்லாம் உண்டு. டிவியும் அதே ஹாலில் இருப்பதால் உங்களுக்கு ஆப்டிகல் உள்ளதுதான் வசதி. எனக்கு இதில் பிடித்த இன்னொரு விஷயம், பேஸ் (கனத்த அடி ஒலி) காற்று வெளிவரும் துளை முன்பக்கத்தில் இருப்பது. சின்ன ஹாலில் பெட்டியைச் சுவரோரம் வைக்க நேர்ந்தாலும் பெரிதாகக் கெடுக்காது. இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இதே அமைப்பில் வேறு எந்தக் கம்பெனி கொடுத்தாலும் கேட்டுப் பாருங்கள், காதுக்குப் பிடித்ததை எடுங்கள்.

கேட்டுப் பார்ப்பது என்றால், கடைக்காரர் போடும் டெமோவை அல்ல. அதில் கண்ணாடி உடையும், ஹெலிகாப்டர் பறக்கும், எந்தப் பெட்டியிலும் பிரமாதமாக இருக்கும். வருடக்கணக்கில் கேட்டு மனப்பாடமான பாட்டுகள் நாலைந்தைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். அதில் ஒன்றாவது மிருதங்கம் நன்றாகப் பதிவான கச்சேரியாக இருக்கட்டும். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கம்) விழும் சாப்பு அடி பளிச்சென்று கேட்டு உடனே அடங்க வேண்டும். தொப்பியில் (இடப்பக்கம்) கும்கி வாசிக்கும்போது மணிக்கட்டை அழுத்தி இழுக்க, ஸ்வரம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும் அல்லவா, அந்த வழுக்கல் தெரிகிறதா என்று கவனியுங்கள். மோசமான சப்ஊஃபர் அத்தனை கும்கியையும் ஒரே "தொம்" ஆக்கிவிடும். பேஸ் நிறைய இருக்கிறது என்பதற்கும் பேஸ் சரியாக இருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நொடியில் புரிந்துவிடும்.

அப்புறம் ஒரு பெண் குரல். "ஸ", "ஷ" வரும் இடங்களில் காதில் ஊசி குத்துவதுபோல இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கடையில் ஐந்து நிமிடத்துக்குத் துல்லியம் என்று தோன்றுவது, வீட்டில் ஒரு மணி நேரத்தில் தலைவலியாகிவிடும். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது ஏமாறும். டிஎஸ்பி, எக்ஸ்ட்ரா பேஸ் மாதிரி ஒலியை மாற்றும் பொத்தான் எது இருந்தாலும் அணைக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இப்போது வைக்கும் இடம். பணம் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இங்கேதான் இருக்கிறது. டிவி ஸ்டாண்டில் டிவியின் இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துவிட்டு "ஸ்டீரியோ தெரியவே இல்லையே" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆறடி விடுங்கள். நீங்கள் உட்காரும் இடம் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அதே ஆறேழு அடியில் இருக்கட்டும். மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். பெட்டிகளைச் சற்றே உங்கள் பக்கம் திருப்பி, சுவரிலிருந்து ஒரு அடியாவது முன்னால் இழுங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். சோபாவில் உட்காருபவருக்கு அது மூன்று, மூன்றரை அடி. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் இரண்டரை அடியே போதும். நம் வீடுகளில் பாதிப் பேர் தரையில்தான் உட்காருகிறோம், ஆனால் பெட்டியை மட்டும் பீரோ மேல் ஏற்றிவிடுகிறோம்.

சரியாக வைத்துவிட்டு ஏதாவது பழைய மோனோ பாட்டை (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்) போடுங்கள். 1950, 60களின் தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் மோனோதான். கண்ணை மூடிக்கொண்டால் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும். அப்படி வராமல் குரல் எங்கேயோ கலைந்து, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கும். ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது, பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஒயரை மாற்றிச் செருகினால் சரி.

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்று இருக்கும் ஹாலில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். கையைத் தட்டிப் பாருங்கள், "டிர்ர்" என்று ஒரு வால் கேட்டால் அதுதான் பிரச்சினை. பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டால் கணிசமாக அடங்கும். வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் செய்யக்கூடியவை இவை.

பாட்டு வருவது போனிலிருந்து என்றால் ப்ளூடூத்தே போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆப் செட்டிங்ஸில் ஒலித்தரத்தை மட்டும் அதிகபட்சத்தில் வையுங்கள். யூடியூபில் "பேஸ் பூஸ்டட்" என்று போட்டிருப்பதைத் தவிருங்கள், யாரோ ஏற்கெனவே கெடுத்து வைத்தது அது. லேப்டாப்பை ஒயரில் இணைத்து "ங்ங்ங்" என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, எர்த்தில். ஒயருக்கென்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். நாலைந்து மீட்டர் தூரத்துக்கு 16 கேஜ் செம்பு ஒயர் எதற்கும் குறைந்ததில்லை, சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

பழைய ஆம்ப்பும் ஸ்பீக்கரும் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சால்டரிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக, இதே காசுக்கு இன்னும் பெரிய ஒலி கிடைக்கும். ஊஃபரின் ஓரத்தில் ஃபோம் வளையம் இருந்தால் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் வளையமே மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள். வால்யூம் திருகைப் பூஜ்யத்திலிருந்து கடைசிவரை மெதுவாகத் திருப்பும்போது கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் செட் என்பதால் உங்களுக்கு நான் புதியதையே சொல்வேன், வாரண்டி இருக்கும்.

பேஸ் போதவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றலாம். நாலு அங்குல ஊஃபர் ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸ் பக்கம் தளர்ந்துவிடும், அதற்குக் கீழே எதிர்பார்க்க முடியாது. அந்த ஆசை வரும் என்று இப்போதே தெரிந்தால், பின்பக்கம் "சப் அவுட்" துளை உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். எடிஃபையரிலேயே ஆர்1280டிபிஎஸ்-இல் அது உண்டு. மீதமிருக்கும் பணத்தை அதற்கு எடுத்து வைக்கலாம்.