மந்தமாக ஒலிக்கும் ஜாய் டிவிஷன் கேசட்: முதலில் டால்பியை அணையுங்கள்

பள்ளி நாளில் ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டுகளை நீங்களே தொகுத்த சி-90 (90 நிமிட) கேசட்டில் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, நடுவில் கிறீச்சிடுகிறது என்கிறீர்கள். டேப் செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம்.

டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) டால்பியை, அதாவது டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதியை, அணையுங்கள். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் உச்ச ஒலிகள் அமுங்கிவிடும். பிறகு 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஹெட்டையும் (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) கேப்ஸ்டனையும் (டேப்பை இழுக்கும் சுழலும் உலோகத் தண்டு) துடையுங்கள். கேசட்டின் நடுவில் ஹெட் தொடும் இடத்தில் சிறு கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், விட்டுவிட்டும் கேட்கும்.

அப்படியும் தெளியாவிட்டால் அசிமத், அதாவது டேப்பின் மீது ஹெட் நிற்கும் கோணம், பிசகியிருக்கலாம். அன்று பதிந்த டெக்கின் ஹெட் கோணமும் இன்றைய டெக்கின் கோணமும் ஒன்றாக இருக்காது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகின் இப்போதைய நிலையை நகச்சாயத்தால் குறித்துக்கொண்டு, மோனோவில் (இடது, வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து) கேட்டபடியே துளித்துளியாகத் திருப்புங்கள். அரைச்சுற்றைத் தாண்டத் தேவையே வராது. குரலைக் கவனிக்காதீர்கள், அது எப்படியும் கேட்கும். ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடி உலோகத் தட்டு) 'ட்ஸ்' என்று கூர்மையாகும் இடம்தான் சரி. இந்தக் குழுவின் டிரம்ஸ் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

கிறீச்சுக்குப் பெரும்பாலும் கேசட்டின் பழைய பிளாஸ்டிக் கூடே காரணம். இருபுறமும் கடைசிவரை ஒருமுறை ஓட்டிச் சுற்றுங்கள்; போகவில்லையென்றால், ஐந்து திருகு உள்ள வேறொரு கூட்டுக்கு டேப்பை மாற்றுங்கள்.

கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். வெளியான பதிப்பில் 200 நொடி ஓடும் பாட்டு உங்களிடம் 194-இல் முடிந்தால், வேகம் 3% கூடுதல், மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம்.