காற்றில் தைத்த துணி

அன்புள்ள ஐயாவுக்கு,

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவர் ஓவர்லாக் டெய்லர், பதினைந்து வருட அனுபவம், நல்ல கை. ஆனால் குடி. காலையிலேயே ஊற்றிக்கொண்டுதான் வருவார். வாரத்தில் நாலு நாள் வந்தால் அதிசயம். ரேஷன் அரிசி இலவசம், மனைவிக்கு மாதம் ஆயிரம், பெண்களுக்கு பஸ் இலவசம் என்று இருக்கும்போது எதற்கு உழைக்கப்போகிறார்? வடக்கேயிருந்து வந்த பையன்கள் ஆளுக்கு இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம், "ஒரு வாரம் குடிக்காமல் இருந்து காட்டு, அப்புறம் மெஷினில் உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அவருடைய தம்பிகள் வீட்டிலேயே வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி காற்றில் துணி தைக்க ஆரம்பித்துவிட்டாராம். சட்டையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தாராம். நாடகம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். விடிவதற்குள் மனைவி எங்கோ போய் ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார். இப்போது பழையபடிதான். மாலை போட்டால் மட்டும் நாற்பது நாள் இருக்க முடிகிறதே! குடிக்கிறவர்கள் வீட்டுக்கு உதவித்தொகையை நிறுத்தினால்தானே பொறுப்பு வரும்? உங்கள் கருத்து என்ன?

கே., திருப்பூர்

அன்புள்ள கே,

உதவித்தொகை பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்த வரி வேறு.

சாதாரண ரக குவார்ட்டர் 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு 140 ரூபாய். உங்கள் டெய்லர் நாளுக்கு இரண்டு குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,400 ரூபாய். மனைவிக்கு வரும் ஆயிரம் நாலு நாளைக்குக்கூடக் காணாது. அதுவும் அந்தப் பணம் அந்த அம்மாவின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அவர் குடிப்பது சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் எண்ணிக் கொடுக்கும் காசில். உதவித்தொகையை நிறுத்தினால் குவார்ட்டர் குறையாது, வீட்டில் எண்ணெயும் பருப்பும்தான் குறையும். ஏழைக்குக் காசு கொடுத்தால் சாராயத்துக்குப் போகும் என்ற பேச்சு உலகம் முழுக்க உண்டு. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் 2014இல் உலக வங்கிக்காகப் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நேரடிப் பண உதவியால் குடிச் செலவோ புகையிலைச் செலவோ கூடியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 2011இல் நீங்கள் சொல்வதுபோலவே செய்து பார்த்தது. உதவி கேட்டு வந்தவர்களிடம் போதைப்பொருள் சோதனை நடத்தியது. சுமார் 4,000 பேரில் சிக்கியவர்கள் 108. தேறியவர்களுக்குச் சோதனைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததில், மிச்சம் பிடித்ததைவிடச் செலவு கூடிப்போனது. பிறகு நீதிமன்றமும் அதை நிறுத்திவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2023-24இல் டாஸ்மாக் விற்பனையால் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,720 கோடி. யார் யாருக்கு இலவசம் கொடுக்கிறார்கள் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசியுங்கள்.

வடக்கத்திப் பையன்களைப் பற்றி எழுதியதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அப்பனும் ஆத்தாளும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, கம்பெனி ரூமில் பத்துப் பேராகப் படுத்து எழுகிறவனையும் உள்ளூர்க் குடும்பஸ்தனையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதும் இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அந்த மூன்றாம் நாள் ராத்திரியைப் பற்றி.

கே, அது நாடகம் இல்லை. வருஷக்கணக்கில் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது வருகிற புத்திக் கலக்கம். அதற்கு டெலீரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். அந்த நிலையில் தச்சன் இல்லாத உளியைப் பிடித்து இழைப்பான், டிரைவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவான். இருபது வருஷம் செய்த வேலையைக் கை தானாகச் செய்யும். உங்கள் டெய்லர் அன்று ராத்திரி உங்கள் ஆர்டரைத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சட்டையில் பூச்சியைத் தட்டியதும் அதே நோயின் அடையாளம். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள் என்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அது ஐந்துக்கும் கீழே போகும். பூட்டிய அறையில் ஏது சிகிச்சை?

ஏன் இப்படி ஆகிறது? 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடை போட்டால் ஏறக்குறைய 61 கிராம். இரண்டு குவார்ட்டர் என்றால் 120 கிராமுக்கு மேல். சாதாரண ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரை கழிக்கும், பழகிய ஈரல் இன்னும் வேகமாகக் கழிக்கும். ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்துகிற சரக்கு. தினமும் அது உள்ளே வந்து பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருந்தால், வண்டி ஓட வேண்டுமே என்று மூளை ஆக்சிலேட்டரை மெல்ல மெல்லக் கூட்டிவைக்கும். வருஷக்கணக்கில் இப்படி ஓடிய வண்டியில் ஒருநாள் பிரேக்கிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் என்ன ஆகும்?

கடைசி வாய்க்குப் பிறகு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு இந்தக் குழப்பம். எல்லாருக்கும் வராது, நூற்றில் ஐந்து பேருக்கு வரும் என்பார்கள். முன்பு ஒருமுறை வந்தவருக்கும், வலிப்பு கண்டவருக்கும், ரொம்ப வருஷமாகத் தினமும் குடிப்பவருக்கும் வாய்ப்பு அதிகம். இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு முறை இப்படிச் சட்டென்று நிறுத்தும்போதும் அடுத்த முறை வருவது இன்னும் கடுமையாக இருக்கும். "இருந்து காட்டு" என்று நீங்கள் மறுபடி மறுபடி பந்தயம் கட்டினால், ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் இன்னும் மோசமாகத் தோற்பார்.

இப்போது, "காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார்" என்றீர்களே, அதைப் பாருங்கள். கடை பகல் 12க்குத் திறந்து ராத்திரி 10க்கு மூடுகிறது. ராத்திரி பத்து மணிக்குள் குடித்தது விடிகாலையில் வற்றிவிடும். ஆறு மணிக்குக் கை நடுங்குகிறது. நடுங்குகிற கையோடு ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் பீஸும் போகும், விரலும் போகும். அரைக் குவார்ட்டர் உள்ளே போனால் கை நிற்கிறது. அதனால்தான் பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார். உங்களிடம் வேலைக்கு வரத்தான் ஐயா அவர் காலையில் குடிக்கிறார்! வராத நாள் எல்லாம், பிளாக்கில் வாங்கக் காசு இல்லாத நாளாகவும் இருக்கலாம். வருகைப் பதிவேட்டை எடுத்து, சனிக்கிழமைச் சம்பளத்துக்கு எத்தனையாவது நாள் அவர் வரவில்லை என்று பாருங்கள்.

அந்த அம்மாவைப் பற்றி. குடிக்கிறவருக்கு "வருவார், அடங்கிவிட்டார்" என்று மரியாதை போட்டிருக்கிறீர்கள். விடியுமுன் ஓடியவருக்கு "கொடுத்துவிட்டாள்". அந்த "ள்" எனக்கு உறுத்தியது. வீட்டில் ஆண்கள் எல்லாம் நாடகம் என்று கைகட்டி நின்றபோது, ஆள் செத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது அவர் ஒருவருக்குத்தான். அவர் செய்தது சரியான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். புத்தி கலங்கியவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அது அடங்கியதும் அவருடைய அதிர்ஷ்டம், எல்லாருக்கும் அடங்காது. 108ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யார் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

மாலை விஷயத்தையும் விடக்கூடாது. மாலை போட்டவர் நாற்பது நாள் இருப்பதை மனவுறுதிக்குச் சாட்சியாக எல்லாரும் காட்டுகிறார்கள். கை நடுங்குகிற கட்டத்துக்குப் போகாத குடிகாரர்களே அதில் பெரும்பாலும் தேறுகிறவர்கள். அதோடு அந்த நாற்பது நாளும் அவரைச் சுற்றி என்ன நடக்கிறது? உடை மாறுகிறது. விடிகாலைக் குளியல், சாயங்காலம் பஜனை, அதாவது கடைக்குப் போகிற நேரத்தில் கோயில். கூடவே இன்னும் பத்துச் சாமிகள். பெண்டாட்டி முதல் கண்டக்டர் வரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆள் வெறும் குடிகாரன், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட ஆளில்லை. இதில் எவ்வளவு அவர் மனவுறுதி, எவ்வளவு ஊர் கொடுத்த தாங்கல் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பொறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குப் பொறுப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்து வருவது, எவ்வளவு குடிக்கிறேன் என்று பொய் சொல்லாமல் இருப்பது, பிறகு மாதக்கணக்கில் மாத்திரையை விடாமல் இருப்பது, சனிக்கிழமை வேறு வழியாக வீட்டுக்குப் போவது. இவை அவர் கையில். வலிப்பு வராமல் நிறுத்துவது அவர் கையில் இல்லை. உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. அவருக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிக்கிறீர்களா? மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவருக்குப் பிடிக்க வேண்டும். பிடித்திருந்து, தேவையான நாட்களுக்குச் சந்தாவும் கட்டியிருந்தால், நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். உங்கள் கடிதத்தில் அரசு கொடுக்கும் சலுகை எல்லாம் வரிசையாக இருக்கிறது, நீங்கள் கட்ட வேண்டியது பற்றி ஒரு வரி இல்லை.

இனி என்ன செய்ய வேண்டும். முதலில், ஒருவரும் அவரைப் பூட்டக்கூடாது. கட்டிப்போடவோ சங்கிலி போடவோ கூடாது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. டாக்டரைப் பார்க்கும் வரை அவராகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. போர்டு மட்டும் மாட்டிக்கொண்டு அடித்து நொறுக்குகிற "மறுவாழ்வு இல்லம்" நிறைய இருக்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று கேட்காமல் எங்கும் சேர்க்காதீர்கள். சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற பொடி, மாத்திரை பக்கமே போகாதீர்கள். அதில் பல சமயம் இருப்பது டைசல்ஃபிராம். தெரியாமல் தின்றுவிட்டு அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆனாலும் இந்த ஆபத்து இருக்கும். அதை நோயாளி தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும்.

தெருமுனை கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு பாட்டில்" குளுக்கோஸ் ஏற்றுவதும் தவறு. நாள்பட்ட குடிகாரருக்கு உடம்பில் பி1, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதை ஊசியில் போடாமல் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சம் இருப்பதும் தீர்ந்து மூளை அடிபடலாம். கண்விழி தானாக ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடலாம். போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் தயமின் ஊசி போடுவார்கள். நடுக்கத்துக்கு குளோர்டயசிபாக்சைடோ டயசிபாமோ கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். அளவு எழுத மாட்டேன், எழுதினால் நீங்களே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடுவீர்கள் என்ற பயம்.

அந்த வாரம் முடிந்து வீடு திரும்பியதும் குணமாகிவிட்டது என்று எல்லாரும் நினைப்பதுதான் அடுத்த சறுக்கல். உடம்பிலிருந்து சரக்கு வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். தூக்கம் சரியாக மாதங்கள் ஆகும். ஆசையை அடக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் உண்டு. ஈரல், சிறுநீரகம் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் "பார்த்தீர்களா" என்று ஆரம்பிக்காமல் மறுநாளே திரும்பக் கூட்டிப்போங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். முன்கூட்டி ஆலோசனை வேண்டுமென்றால் மருத்துவ உதவி எண் 104, அல்லது போதை மீட்பு உதவி எண் 14446.

சனிக்கிழமை சம்பளத்துக்குப் பிறகு பேச்சை எடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வரிசையில் நிற்கிற மாதிரி பாருங்கள். நிற்கும்போதே நடுக்கம் ஆரம்பிக்கும், நர்சிடம் உடனே சொல்லுங்கள், வரிசையை மாற்றி விடுவார்கள். அந்த அம்மாவையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், நாளுக்கு எத்தனை, எத்தனை வருஷமாக, முன்பு வலிப்பு வந்ததா என்று டாக்டர் கேட்பார். உண்மைக் கணக்கு அவரிடம்தான் இருக்கும்.