வெறும் குழிகள்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுச் சரிவில் புதிய வீடுகள் கட்டப் போகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் குளிர்காலம் முழுக்கத் தங்கிய இடம் அது, கட்டக் கூடாது என்று சிலர் மனு கொடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், ஆழமில்லாத குழிகள்தான் இருக்கின்றன. சண்டையே நடக்காத இடத்தை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?
- ஒரு வாசகி, ஸ்டாஃபர்ட் கவுண்டி, விர்ஜினியா

பதில்: சகோதரி, அந்தக் குழிகள்தான் அவர்கள் குடியிருந்த வீடுகள். 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் தோற்றுத் திரும்பிய வடக்கு மாநிலங்களின் படை, உங்கள் கவுண்டியில்தான் குளிர்காலத்தைக் கழித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள்! தரையைக் கொஞ்சம் தோண்டி, சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கி, கூடாரத் துணியைக் கூரையாகக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த முறை போகும்போது குழியின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு மேடோ கற்குவியலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புகைபோக்கி சரிந்து விழுந்த இடமாக இருக்கலாம். குழிகள் வரிசை பிடித்திருந்தால், இரண்டு வரிசைகளுக்கு நடுவே நீங்கள் நிற்பது முகாமின் தெருவில். நியூ ஜெர்சியின் ஜாக்கி ஹாலோவில், சுதந்திரப் போரின்போது 1779-80 கடுங்குளிரில் வாஷிங்டனின் படை தங்கிய காட்டில் நடந்தபோது, சருகுக்கு நடுவே அப்படிக் கிடந்த அடுப்புக் கற்களை விட்டு என்னால் நகரவே முடியவில்லை.

சண்டை நடக்கவில்லை, சரி. சாவு நடந்தது. உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய். அதற்கு முந்தைய அந்தச் சுதந்திரப் போரில், 1777-78இல் வேலி ஃபோர்ஜ் முகாமில், ஒரு சண்டைகூட நடக்காமலே சுமார் 2,000 பேர் இறந்துபோனார்கள். ஸ்டாஃபர்டிலும் டைபாய்டும் வயிற்றுப்போக்கும் வாட்டின, ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஓடிப்போனார்கள். 1863 ஜனவரியில் இந்தப் படைக்குத் தலைமைப் பொறுப்பேற்ற ஜெனரல் ஹூக்கர் புது ரொட்டி, காய்கறி, விடுப்பு எல்லாம் கொடுத்து, முகாம்களைச் சுத்தப்படுத்தினார். படை மறுபடி நிமிர்ந்தது இந்தச் சரிவுகளில்தான்.

இத்தனை இருந்தும் சட்டத்தின் பாதுகாப்பு குறைவு. உள்நாட்டுப் போரின் 384 முக்கியப் போர்க்களங்களை 1993இல் ஓர் அரசுக் குழு பட்டியலிட்டது. போர் நடக்காத முகாம் அதில் வராது. தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம் சேர்ந்தாலும், தனியார் தன் சொந்தப் பணத்தில் கட்டுவதை அது தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் திட்டமானால் மட்டும், 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்ந்தாக வேண்டும். அதனால், சதுப்பு நிலத்தை நிரப்ப மத்திய அரசிடம் அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

வீடே கட்டாதே என்று நான் சொல்லவில்லை, மனிதர்களுக்கு வீடு வேண்டும். ஆனால் மனைகளைச் சற்றுத் தள்ளி அமைத்து, குழிகள் உள்ள சரிவை மட்டும் பொதுத் திறந்தவெளியாக விடும்படி கேட்கலாம். உங்கள் கவுண்டியிலேயே 2013இல் உள்நாட்டுப் போர்ப் பூங்கா ஒன்று திறந்தார்களே, அங்கே முகாம் குழிகளும் பீரங்கி மேடுகளும் அப்படியே இருக்கின்றன. மனு கொடுத்தவர்களோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அப்புறம், நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, இலை உதிர்ந்த பருவத்தில் குழிகளைப் படமெடுத்து, நீள அகலம் குறித்து, கவுண்டி நிர்வாகத்தின் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். புல்டோசர் வந்துவிட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது. மெட்டல் டிடெக்டரோடு யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றும் உரிமையாளரிடம் சொல்லுங்கள். எந்தக் குடிசையில் எந்த மாநிலத்து வீரன் இருந்தான் என்று சொல்லக்கூடிய சட்டைப் பொத்தான், இடம் குறிக்காமல் எடுத்துப் போனால் ஒன்றும் சொல்லாது.