கவுண்டி பந்துவீச்சாளர் என்பவர் யார்? ஆயிரக்கணக்கில் விக்கெட் எடுத்த சிலர் டெஸ்டில் ஏன் அதிகம் ஆடவில்லை?

இங்கிலாந்து, வேல்ஸில் உள்ள 18 கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) கிரிக்கெட் அணிகளில் ஒன்றிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, கோடைக்காலம் முழுக்கப் பந்து வீசுவதையே தொழிலாகக் கொண்டவர்தான் கவுண்டி பந்துவீச்சாளர்.

ஹாம்ப்ஷயரின் டெரெக் ஷாக்கிள்டனைப் பாருங்கள். 1949 முதல் 1968 வரை தொடர்ந்து 20 பருவங்கள், ஒவ்வொன்றிலும் 100 விக்கெட்டுகளுக்குக் குறையவில்லை. முதல்தர ஆட்டங்களில், அதாவது பல நாள் நடக்கும் உயர்மட்ட ஆட்டங்களில், மொத்தம் 2,857 விக்கெட்டுகள். ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள்? வெறும் 7. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

காரணம், இரண்டு வேலைகளும் வேறுவேறு. மிதவேகத்தில், ஒரே இடத்தில், பந்தைச் சற்றே நகர்த்தி வீசுவார் ஷாக்கிள்டன். மழையில் நனைய விட்ட அன்றைய ஆடுகளங்களில் அது போதும், மட்டையாளர் திணறிப்போவார். டெஸ்ட் தேர்வாளர்களோ ட்ரூமன், ஸ்டாதம் போன்ற வேகப்பந்து வீச்சாளர்களின் வேகத்தை நம்பினார்கள். தினமும் ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பறந்து காட்டுவதல்ல, ஆண்டு முழுக்க வண்டியைப் பழுதில்லாமல் நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவர் திறமை.

சம்பளம் பெரிதில்லை. பல ஆண்டுகள் உழைத்தவருக்குக் கவுண்டி ஒரு 'பெனிஃபிட்' பருவம் ஒதுக்கும். அதில் ரசிகர்கள் தரும் நன்கொடைதான் பலருக்கு ஓய்வுக்கால முதலீடு.

இன்று கவுண்டி அணிகள் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 14 ஆட்டங்களே என்பதால் அந்த எண்ணிக்கைகளை இனி யாரும் தொட முடியாது.

கவுண்டி என்றதும் உள்ளூர் கிளப் ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள்; கவுண்டி சாம்பியன்ஷிப், நம் ரஞ்சிக் கோப்பையைப் போலவே முழு முதல்தரத் தகுதி பெற்ற போட்டி.