ஐஸ் பாரின் நடுவெள்ளை

அன்புள்ள ஐயா,

பெருவெடிப்பை அடுத்து உருவான ஆதிக் கருந்துளைகள், ஹாக்கிங் சொன்ன வழியில் அல்லாமல், பிரபஞ்சம் நீர் உறைவதுபோல ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறிய நிலைமாற்றத்தின்போது துகள்கள் ஓரிடத்தில் அடைபட்டும் தோன்றியிருக்கலாம் என்று படித்தேன். அப்படியானால் ஹாக்கிங் கூறியது தவறா? ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் என்பது இவைதானா? எது சரி என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவன், காசிமேடு

அன்புள்ள தம்பி,

ஒரே வரியில் சொல்ல மாட்டேன். இயற்பியல் படிக்கும் பிள்ளை தீர்ப்புக் கேட்டு எழுதலாமா? ‘மாற்று’ என்ற சொல்லைக் கண்டதுமே பழையது பொய் என்று முடிவுகட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கடலோரமாகவும் போகலாம், திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகவும் போகலாம்.

1971இல் ஹாக்கிங்கும், பின்னர் 1974இல் அவருடன் அவர் மாணவர் பெர்னார்ட் கார்ரும் எழுதியதன் சாரம் இதுதான்: தொடக்கப் பிரபஞ்சத்தில் சுற்றுப்புறத்தைவிட மிக அடர்ந்திருந்த பகுதிகள் விரிவை மீறித் தம் ஈர்ப்பாலேயே உள்ளொடுங்கின. அதற்கு அடர்த்தி ஏறக்குறைய பாதியளவு கூடுதலாக இருந்தாக வேண்டும். பெருவெடிப்பின் எச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் நாம் காணும் ஏற்றத்தாழ்வோ லட்சத்தில் ஒரு பங்குதான். சிறிய அளவுகளில் அது பன்மடங்கு பெரிதாக இருந்திருக்கலாம் என்று கருதித்தான் அந்த வழி நிற்கிறது.

நீங்கள் படித்தது, யோவாகிம் கோப் உள்ளிட்ட நால்வர் 2021இல் முன்வைத்த வழியாக இருக்க வேண்டும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் தந்தை நினைவுக்கு வருகிறார்.

அவர் உங்கள் காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிய கேனில், நீர் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி உறைந்துகொண்டே வரும். பனி உப்பைத் தன்னுள் சேர்க்காது. கிணற்றுநீரில் கரைந்திருந்த உப்பையும் காற்றையும் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நடுவில் எஞ்சும் ஒரு சாண் நீரில் அத்தனையும் திரண்டிருக்கும். ஒருநாள் அவர் அந்த நீரை விரலால் தொட்டு என் நாவில் வைத்தார், கரித்தது. அதே கேனில் ஊற்றிய நீரை அதற்கு முன் நான் குடித்திருந்தேன், அதில் உப்பே தெரியவில்லை. நடுவில் எஞ்சிய அந்த நீரும் உறைந்தபின் பாரின் நடுவே வெண்தண்டாகத் தெரியும்.

பிரபஞ்சத்திலும் புதிய நிலை குமிழிகளாகத் தோன்றிப் பரவியது என்று கொள்ளுங்கள். ஒருவகைத் துகள் அந்தப் புதிய நிலைக்குள் பெரும் நிறை பெற்றாக வேண்டும் என்றால், போதிய ஆற்றலற்ற துகள்கள் குமிழியின் சுவரில் மோதித் திரும்பிவிடும். குமிழிகள் வளர வளரப் பழைய நிலையின் திட்டுகள் சுருங்குகின்றன, அவற்றுள் அகப்பட்ட துகள்கள் நெருங்குகின்றன. முன்கூட்டியே திரண்ட கட்டி எதுவும் தேவையில்லை. சுவரே திரட்டித் தருகிறது. கேனில் உப்பு திரள்வதோடு நின்றுவிடும், அங்கே ஈர்ப்பு அந்தத் திட்டைக் கருந்துளையாக மூடிவிடும். உவமை அந்த இடத்தில் முடிகிறது, அதற்கு மேல் அதை இழுக்காதீர்கள்.

இதற்கும் விலை உண்டு. நாம் அறிந்த துகள்களையும் விசைகளையும் மட்டும் கொண்டு கணக்கிட்டால், அந்நாளைய நிலைமாற்றங்கள் குமிழியின்றிச் சீராகவே நடந்திருக்க வேண்டும். ஆகவே புதிய துகளும் புதிய விசையும் இந்த வழிக்கு வேண்டும். ஆதிக் கருந்துளை ஒன்று இருப்பதாக இதுவரை யாரும் உறுதிசெய்யவும் இல்லை.

கரும்பொருள் பற்றிய கேள்வி வேறு; சிறுகோள் அளவு நிறையுள்ள ஆதிக் கருந்துளைகள் மட்டும் முழுக் கரும்பொருளாகவும் இருக்க இன்னும் இடமிருக்கிறது என்பதோடு இன்று நிறுத்திக்கொள்கிறேன்.

விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போங்கள். அரவை இயந்திரத்தில் போடுமுன் ஒரு பாரைக் குறுக்கே பாருங்கள். அந்த வெண்தண்டு எத்தனை விரல் தடிமன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.