பிங்க் ஃபிளாய்ட்: மேசனா, பிளேக்கா?

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவைப் பற்றி, அதன் டிரம்மர் நிக் மேசன் எழுதிய 'இன்சைட் அவுட்', இசை எழுத்தாளர் மார்க் பிளேக் எழுதிய 'பிக்ஸ் மைட் ஃப்ளை' இரண்டில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மேசனையே வாங்குங்கள். எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இருந்த ஒரே உறுப்பினர் அவர்தான். குழுவின் சக உறுப்பினர்கள் ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட்டுடன் கட்டடக்கலை படித்த நாட்களை வேறு யாராலும் இவ்வளவு உள்ளிருந்து சொல்ல முடியாது. 2004 பதிப்பு வேண்டாம். 2005 லைவ் 8 கச்சேரியில் பிரிந்திருந்த குழு மீண்டும் சேர்ந்து வாசித்தது அதில் இருக்காது. பிந்தைய பதிப்பாகப் பாருங்கள்.

ஆனால் குழுவுக்குள் நடந்த சண்டைகளைத் தெரிந்துகொள்ள அது மட்டும் போதாது. மேசன் வாட்டர்ஸ், கிட்டாரிஸ்ட் கில்மர் என இரு தரப்புக்கும் நண்பர், அதனால் மென்மையாகத்தான் எழுதுவார். 'தி வால்' ஆல்பத்தின் சமயத்தில் ரைட் வெளியேற்றப்பட்டு, பிறகு அதே ஆல்பத்தின் கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தாரே, அந்தப் பகுதியை இரண்டிலும் அடுத்தடுத்துப் படியுங்கள். பிளேக் பலரைப் பேட்டி கண்டு எழுதியவர். வித்தியாசம் உடனே தெரியும்.

1975 ஜூன் 5 அன்று, புருவம்கூட மழித்த நிலையில் குழுவின் முன்னாள் பாடகர் சிட் பாரெட் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த நிகழ்வில் எவரையும் முழுதாக நம்ப வேண்டாம். அங்கிருந்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முக்கியமாக, பிளேக்கின் புத்தகம் அமெரிக்காவில் 'கம்ஃபர்டப்ளி நம்' என்ற தலைப்பில் வந்தது. வேறு புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.